மட்டக்களப்பின் மிகுநெல்லும் உணவுப் பங்கீடும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நெல் விளையும் படுவான்கரை. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே, மக்கள் நெருங்கி வாழும் எழுவான்கரை. களவெட்டியிற் பொலி அளக்கப்படும்போது வறியோர்க்கும் சிறிது ஈதல் மரபாயிருந்தது. அது போடியாரின் அறம், பெறுவோரின் உரிமையன்று.

இலங்கை தன் அரிசித் தேவைக்குப் பெரிதும் நம்பியிருந்த பர்மாவை 1942இல் யப்பான் கைப்பற்றிற்று. அவ்வாண்டிலேயே அரசாங்கம் உணவுப் பங்கீட்டையும் உள்நாட்டு நெற்கொள்வனவுத் திட்டத்தையும் புகுத்தியது. குடும்பத்தின் உணவுக்கும் விதைக்கும் போக எஞ்சிய நெல்லை உழவர் நிர்ணய விலைக்கு அளிக்க வேண்டியதாயிற்று. அக்கட்டாயம் உழவர்க்குச் சுமையே. ஆயினும், ஈவோரின் மனத்தை நம்பியிருந்த உணவு கூப்பன் வழியே யாவர்க்குமுரிய பங்காயிற்று. 1978இல் உதவி வறியோர்க்கென வரையறுக்கப்பட்டு, 1979இல் உணவு முத்திரை புகுந்ததும் அப்பொதுவுரிமை மீண்டும் சுருங்கிற்று.