தீயணைப்புத் துறைக்கான மானிய நிதி

தீயணைப்பு நிலையங்களைக் கட்டவும், வண்டிகளும் கருவிகளும் வாங்கவும், வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் மேல்நிலை அரசுகள் ஒதுக்கும் பணமே தீயணைப்பு மானிய நிதி. தமிழ்நாட்டில் இதைப் பெறுவது நகராட்சி அன்று, மாநில அரசு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள தீயணைப்பு நிலையங்கள் அந்தந்த நகராட்சியின் சொத்தல்ல. உள்துறையின் கீழ் இயங்கும் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் கிளைகள் அவை.

சென்னையில் 1908இல் தொடங்கிய தீயணைப்புப் படையின் வழிவந்தது இத்துறை. 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இதற்கு அடிப்படை. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் தீயணைப்பையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு கைமாறவில்லை. சிறிய நகராட்சிகளுக்கு இது நல்லதாகவே முடிந்திருக்கிறது எனலாம்: குப்பை அள்ளவும் தெருவிளக்குக்கும் திணறும் ஊர் ஒன்று, இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் காத்திருக்கும் நிலையத்தைத் தன் வரியில் நடத்துவது எளிதன்று. ஆனால் எந்த ஊருக்கு எந்த வண்டி என்ற முடிவும் சென்னையிலேயே எடுக்கப்படுகிறது. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மானியக் கோரிக்கையின்போதே புதிய நிலையங்கள் பெரும்பாலும் அறிவிக்கப்படுகின்றன. தங்கள் பகுதிக்கு நிலையம் கேட்டு உறுப்பினர்கள் எழுந்து பேசுவதும் அப்போதுதான்.

ஒன்றிய அரசின் பணம் நிதிக்குழுக்களின் வழியே வருகிறது. 2010–15 காலத்துக்கான பதின்மூன்றாம் நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான செயல்திறன் மானியத்துக்கு விதித்த நிபந்தனைகளுள் தீயும் ஒன்று. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாநகராட்சிகள் தீ விபத்துத் தடுப்புத் திட்டம் வகுத்திருக்க வேண்டும் என்றது அது. திண்டிவனம் போன்ற நகராட்சிகள் அப்படியொரு திட்டம் வகுக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய தொகை பதினைந்தாம் நிதிக்குழுவின் காலத்தில் வந்தது. தேசியப் பேரிடர் நிவாரண நிதியின் தயார்நிலை, திறன் வளர்ப்புப் பிரிவிலிருந்து மாநிலத் தீயணைப்புப் பணிகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2023 ஜூன் 13இல் மாநில அமைச்சர்கள் கூட்டத்தில் இதை அறிவித்தார். அடுத்த மாதமே திட்டம் நடைமுறைக்கு வந்தது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் திட்டச் செலவில் 10 விழுக்காட்டையும், தமிழ்நாடு உள்ளிட்ட மற்றவை 25 விழுக்காட்டையும் தம் கையிலிருந்து போட வேண்டும். மொத்தத் தொகையில் 500 கோடி ரூபாய், சட்டத்தையும் கட்டமைப்பையும் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக ஒதுக்கி வைக்கப்பட்டது. புதிய நிலையங்கள், பயிற்சி மையங்கள், நவீனக் கருவிகள், தலைமையகமும் நகர்ப்புற நிலையங்களும், இணையவழி அமைப்புகள் ஆகியவற்றுக்கு இப்பணம் செலவாகலாம். சம்பளம் இந்தப் பட்டியலில் இல்லை. வண்டியை மானியத்தில் வாங்கிவிடலாம். அதை ஓட்டவும் ஹோஸைப் பிடிக்கவும் வேண்டிய ஆட்களுக்கு மாதந்தோறும் மாநிலக் கருவூலம்தான் படியளக்க வேண்டும். காலிப் பணியிடம் உள்ள நிலையத்தில் புது வண்டி நிற்பதால் பயன் பாதிதான்.

அமெரிக்காவில் நடைமுறை நேர்மாறானது. அங்கு 2001 முதல் வழங்கப்படும் தீயணைப்பாளர் உதவி மானியத்துக்கு ஊர்த் தீயணைப்புத் துறையே நேரடியாக விண்ணப்பிக்கிறது. 20,000 பேர் வரை வாழும் ஊர் 5 விழுக்காடும், பத்து லட்சத்தைத் தாண்டிய நகரம் 15 விழுக்காடும் பங்கு செலுத்தினால் போதும். ஆள் சேர்ப்பதற்கென்றே தனி மானியமும் உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊருக்கு முதலில் கிடைக்கும் என்ற குறை அந்த முறைக்கு உண்டு.

மானியம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் காட்ட வானூர் வட்டத்து இரும்பை நல்ல எடுத்துக்காட்டு. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் உள்ள இச்சிற்றூர், திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆரோவிலை ஒட்டி இருக்கிறது. கீற்று வேய்ந்த வீடுகள், சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, வைக்கோல்போர் என்று சித்திரை வெயிலில் பற்றிக்கொள்ளக்கூடிய பொருளுக்கு இப்பக்கம் பஞ்சமில்லை. ஒன்றிய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோலின்படி வண்டி நகரத்தில் 5 நிமிடத்திலும் கிராமத்தில் 20 நிமிடத்திலும் வந்து நிற்க வேண்டும். திண்டிவனம் இங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ.; மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தாலும் அரை மணி நேரம். கீற்றுக் கூரை அதுவரை காத்திருக்காது. அதனால் வானூரில் ஒரு நிலையம் இருப்பது, மாவட்டத் தலைநகரில் உயரமான ஏணி வண்டி ஒன்று நிற்பதைவிட இந்த ஊருக்குப் பெரிது.

அடுத்தது தண்ணீர். வழக்கமான தண்ணீர் வண்டி சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. அதன்பின் கிணறோ ஏரியோ விவசாய பம்ப்செட்டோதான் கதி. கோடையில் ஏரி வற்றியிருந்தால் பம்ப்செட் மட்டுமே. கிராமப்புற நிலையங்களுக்கு எடுத்துச் செல்லத்தக்க சிறு பம்பும் கூடுதல் நீர்வண்டியும் தேவைப்படுவது இதனால்தான்.

தீயை மட்டும் கணக்கில் கொண்டு நிதி ஒதுக்குவதும் போதாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையில் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. இத்தகைய நாள்களில் துறையின் வேலை மரம் அறுப்பதும் படகில் ஆளை மீட்பதும்.

இரும்பைக்கு மிக அருகிலுள்ள நகரம் புதுச்சேரி. அங்கும் தனித் தீயணைப்புத் துறை உண்டு. எல்லையோரத்தில் பெரிய தீ என்றால் இரு பக்கத்து வண்டிகளும் வருவதுண்டு. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் நிதிக்குழுவின் வரம்புக்குள் வராது. ஒன்றிய உள்துறை வழியாகவே அதற்கு மத்திய உதவி கிடைக்கிறது. இரும்பைத் தோப்பு ஒன்றில் அருகருகே நிற்கும் இரண்டு வண்டிகளுக்கான பணம் இரு வேறு கணக்குகளிலிருந்து வந்ததாக இருக்கும்.