சுவர் தாண்டாத வெளிச்சம்

உங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு ஒரு மரக்கதவைக்கூடத் தாண்டத் தெரியாது. கவனித்திருப்பீர்கள். செல்போன் நாலு சுவர் தாண்டிப் பேசுகிறது. பக்கத்துத் தெரு எஃப்.எம். ரேடியோ சமையலறை வரைக்கும் வந்து பாடுகிறது. ஆனால் செட்டாப் பாக்ஸை ஷோகேஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினீர்களோ, ரிமோட் செத்தது. என்ன அழுத்தினாலும் அசையாது.

இது என்ன அநியாயம்? தயாரித்தவர்களுக்கு இந்தக் குறை தெரியாதா?

தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். சுவரைத் தாண்டாத ஒன்று வேண்டும் என்று தேடித் தேடித்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் நாம் அதே சுவரைத் தாண்டவைக்கக் காசு கொடுத்து இன்னொரு கருவி வாங்கினோம். வேடிக்கையான கதை. கொஞ்சம் யோசிக்கவும் வைக்கிற கதை.

1898-க்குப் போவோம். நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு குட்டிப் படகு. கரையில் நிகோலா டெஸ்லா. கையில் ஒரு பெட்டி. கம்பி இல்லை, கயிறு இல்லை. படகு அவர் சொன்ன பக்கம் திரும்புகிறது. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ரேடியோ அலையால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்க முடியும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

அப்படியானால் ஐம்பது வருஷம் கழித்து டி.வி. வந்தபோது ரேடியோ அலை ரிமோட்டையே கொடுத்திருக்கலாமே?

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சிகாகோவில் ஜெனித் என்று ஒரு கம்பெனி. அதன் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரங்கள் என்றாலே வேப்பங்காய். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற நிகழ்ச்சிக்கு நடுவே ஒருத்தன் வந்து சோப்பு விற்பதை அவரால் சகிக்கவே முடியவில்லை. மக்கள் காசு கொடுத்து விளம்பரமில்லாத டி.வி. பார்க்கட்டும் என்று 1951-ல் சிகாகோவில் ஒரு கட்டண டி.வி. பரிசோதனையே நடத்திப் பார்த்தவர். குறைந்தபட்சம் விளம்பரத்தின் வாயையாவது உட்கார்ந்த இடத்திலிருந்து மூட வழி பண்ணுங்களப்பா என்பது தன் எஞ்சினியர்களுக்கு அவர் வைத்த கோரிக்கை.

1950-ல் வந்தது முதல் ரிமோட். பெயர் லேஸி போன்ஸ். சோம்பேறி என்று செல்லமாகத் திட்டுகிற பெயர். டி.வி.யிலிருந்து கை வரைக்கும் ஒயர். ஹால் குறுக்கே ஒயர் ஓடினால் என்ன ஆகும்? தடுக்கி விழுந்தார்கள்.

1955-ல் யூஜின் பாலி என்கிற எஞ்சினியர் ஒயரை வெட்டினார். ஃப்ளாஷ்மேட்டிக். பார்க்க பச்சை நிறப் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு டார்ச் லைட். டி.வி. திரையின் நாலு மூலையிலும் நாலு ஒளி உணரும் செல்கள். இந்த மூலையில் வெளிச்சம் அடித்தால் சத்தம் கட். அந்த மூலையில் அடித்தால் சேனல் மாறும். பிரமாதம்! ஆனால் சாயங்காலம் ஜன்னல் வழியாக வெயில் வந்து திரையில் விழுந்ததா, டி.வி. தன் இஷ்டத்துக்குச் சேனல் மாற்ற ஆரம்பித்தது. சூரிய பகவான் கையில் ரிமோட்!

சரி, ரேடியோ அலைக்கே போய்விடலாமா என்று யோசித்தார்கள். டெஸ்லா காட்டிய வழி இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். ரேடியோ அலை சுவரைத் தாண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தில் நீங்கள் சேனல் மாற்றினால் பக்கத்து வீட்டு டி.வி.யும் சேர்ந்து மாறும். அவர் கோபத்தில் திருப்பி மாற்றினால் உங்களுடையது மாறும். ஒரு கட்டடத்தையே சண்டைக்காடாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஆகவே நிபந்தனை ஒன்று பிறந்தது. என்ன வேண்டுமானாலும் செய், ஆனால் அறைக்குள்ளேயே நிற்கவேண்டும்.

அதைச் சாதித்தவர் ராபர்ட் ஆட்லர். வியன்னாக்காரர். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபிறகு ஊரைவிட்டுக் கிளம்பி அமெரிக்கா வந்து சேர்ந்த யூதர். அவர் ஒலியைப் பிடித்தார். மனிதக் காதுக்குக் கேட்காத உயர் ஒலி. 1956-ல் வந்த ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டுக்குள் நாலே நாலு அலுமினியத் தண்டுகள். பட்டனை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் தண்டைத் தட்டும். ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு சுருதி. நம் ஊர் ஜலதரங்கம் மாதிரிதான், கேட்கத்தான் கேட்காது. பேட்டரியே கிடையாது. விற்பனைப் பிரிவினர் அதில் பிடிவாதமாக இருந்தார்களாம். பேட்டரி தீர்ந்தால் டி.வி.யே கெட்டுப்போனதாக வாடிக்கையாளர் நினைத்துவிடுவார் என்கிற பயம். நான் படித்தது பி.காம். என்பதால் எனக்கு இந்தப் பயம் நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்த ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ள டி.வி.க்குள் கூடுதலாக ஆறு வால்வுகள் தேவைப்பட்டன. டி.வி. விலை சுமார் 30 சதவிகிதம் ஏறியது. அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள். சாவிக்கொத்தைக் குலுக்கினால் சில சமயம் சேனல் மாறும் என்பது மட்டும் சின்னத் தொல்லை.

கால் நூற்றாண்டு ஓடியது அந்த ஒலி ரிமோட். அதை வீழ்த்தியது எண்கள். 1974-ல் பிரிட்டனின் பி.பி.சி., டி.வி. திரையிலேயே செய்தி படிக்கிற சீஃபாக்ஸ் சேவையைத் தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று இலக்க எண். நாலு தண்டை வைத்துக்கொண்டு இத்தனை எண்களை எப்படிச் சொல்வது? மறுபடி வெளிச்சத்திடம் திரும்பினார்கள். இம்முறை கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.

அகச்சிவப்புக் கதிர் புதிதல்ல. 1800-லேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்துவிட்டார். யுரேனஸ் கிரகத்தைக் கண்டவர். பட்டகத்தின் வழியே சூரிய ஒளியை வானவில்லாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்தபோது சூடு இன்னும் ஏறியது. ஏதோ இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அதை மின்சாரத்தால் உண்டாக்கும் குட்டி எல்.ஈ.டி. 1961-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பயார்ட், பிட்மன் என்ற இருவர் கையில் கிடைத்தது. விலை சரிந்து வீட்டு ரிமோட்டுக்குள் வர எண்பதுகள் ஆயிற்று.

சூரியன், குண்டு பல்பு, ஏன், நீங்களும் நானும்கூட அகச்சிவப்புக் கதிர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஃப்ளாஷ்மேட்டிக் பட்ட பாட்டை மறக்கவில்லை அல்லவா? அதனால் புது ரிமோட் சும்மா ஒளிராது. விநாடிக்குச் சுமார் 38 ஆயிரம் முறை சிமிட்டும். கல்யாண வீட்டு இரைச்சலில் தவில் சத்தம் மட்டும் தனியாகக் காதில் விழுகிறதே, அப்படி. டி.வி.யில் இருக்கும் கண் அந்தத் தாளத்தை மட்டும்தான் மதிக்கும். ஜப்பானின் என்.இ.சி. வகுத்த முறையில், கட்டளையை ஒருமுறை நேராகவும் அடுத்து தலைகீழாகவும் சொல்வார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கட்டளை செல்லாது. இரட்டைப் பதிவுக் கணக்கு மாதிரி!

எல்லாம் சரி. வெளிச்சம் சுவர் தாண்டாது. பக்கத்து வீட்டுக்காரர் தப்பித்தார். நாமும் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தோமா?

முதலில் ரிமோட்டுகள் பெருகின. டி.வி.க்கு ஒன்று, வி.சி.ஆருக்கு ஒன்று, ஸ்டீரியோவுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் செய்கிறேன் என்று ஆப்பிள் புகழ் ஸ்டீவ் வோஸ்னியாக்கே தனிக் கம்பெனி தொடங்கி, 1987-ல் ஒன்றை விற்றார். சென்னையில் 2003 செப்டம்பரில் கேபிள் டி.வி.க்கு செட்டாப் பாக்ஸ் முறை வந்தபோது நம் ஹாலுக்கும் இரண்டாவது ரிமோட் வந்தது.

அடுத்து டி.வி. ஒல்லியாகிச் சுவரில் ஏறியது. 1997-ல் 42 அங்குல பிளாஸ்மா டி.வி. அமெரிக்காவில் சுமார் 15 ஆயிரம் டாலர். அவ்வளவு கொட்டிக் கொடுத்து மாட்டியவருக்குக் கீழே கறுப்புப் பெட்டிகளும் ஒயர்க் கூட்டமும் தெரிந்தால் பொறுக்குமா? எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளு, கதவைச் சாத்து. இதைச் செய்து தருவதே ஒரு தொழிலாகி, அவர்களுக்கென்று அமெரிக்காவில் 1989-லேயே சீடியா என்ற சங்கமும் வந்திருந்தது. ஆனால் கதவு மூடினால் ரிமோட் வேலை செய்யாதே?

அதற்குத்தான் ரிமோட் எக்ஸ்டெண்டர். மூன்றே பாகம். வெளியே ஒரு சின்னக் கண். அலமாரிக்குள் ஒரு குட்டிப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் ஒயர்களின் நுனியில், பொட்டு சைஸில் எமிட்டர்கள். கண் உங்கள் ரிமோட்டைப் பார்க்கும். ஒளி மின்துடிப்பாகி ஒயரில் ஓடும். எமிட்டர் அதை மறுபடி ஒளியாக்கி, பாக்ஸின் மூஞ்சியிலேயே அடிக்கும். பாக்ஸுக்கு நீங்கள் நேரே உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. ஒயர் இழுக்க வழியில்லாதவர்களுக்கு எக்ஸ்-10 கம்பெனி பவர்மிட் என்று இரண்டு குட்டிப் பிரமிடுகள் விற்றது. ஒன்று ஒளியை ரேடியோ அலையாக்கும். மற்றது ரேடியோவை ஒளியாக்கும். பக்கத்து வீட்டுக்கு பயந்து ஒதுக்கிய அதே ரேடியோ, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது பாருங்கள்.

நீங்களே மாட்டிப் பார்க்கப் போகிறீர்களா? நாலு விஷயம். ஒன்று, பாக்ஸின் முன்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாகத் தெரியும் பிளாஸ்டிக்குக்குப் பின்னால்தான் அதன் கண் இருக்கும். எமிட்டரை நேராக அங்கே ஒட்டுங்கள். இரண்டு, எமிட்டரின் ஒளி வெளியே இருக்கும் கண்ணுக்குத் திரும்பப் போய் விழக்கூடாது. விழுந்தால் தன் பேச்சைத் தானே கேட்டுத் திரும்பத் திரும்ப உளறும். கூட்ட மேடையில் மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தால் கீச்சென்று கத்துமே, அதே கதை. மூன்று, வெயில் படும் இடத்தில் கண்ணை வைக்காதீர்கள். பிளாஸ்மா டி.வி. இருந்த காலத்தில் அதன் திரையே அகச்சிவப்பு கக்கி எக்ஸ்டெண்டர்களைக் குழப்பியது. இன்று பிளாஸ்மா கடையில் இல்லை. வெயில் இருக்கிறது. நான்கு, மூடிய அலமாரிக்குள் பெட்டிகள் கொதிக்கும். காற்று போக வழி விடுங்கள். எமிட்டர் வேலை செய்கிறதா என்று சந்தேகமா? செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலான போன்களில், முக்கியமாக செல்ஃபி கேமராவில், வெளிறிய ஊதாப் புள்ளி மின்னும்.

இப்போது, இதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

எக்ஸ்டெண்டரின் காலம் மெல்ல முடிந்துவருகிறது. எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டி.வி.யும் பாக்ஸும் தாங்களே பேசிக்கொள்கின்றன. புது ரிமோட்டுகள் புளூடூத்தில் பேசுகின்றன. கதவு மூடியிருந்தாலும் கவலையில்லை. நல்லதுதான். ஆனால் சுவர் போய்விட்டது.

ரிவால்வ் என்று ஒரு கருவி. விலை 300 டாலர். வீட்டு விளக்கு, பூட்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கலாம். ஆயுள் முழுக்கச் சேவை என்று விற்றார்கள். கூகுள் குடும்பத்து நெஸ்ட் நிறுவனம் 2014-ல் அதை வாங்கியது. 2016 மே மாதம் எங்கேயோ இருந்த சர்வரை அணைத்தது. அவ்வளவுதான். மக்கள் வீட்டில் இருந்த கருவிகள் ஒரே நாளில் செங்கல் ஆயின. ஆயுள் என்று சொன்னது யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை போல.

2017-ல் இன்னொன்று. விசியோ டி.வி.க்கள், வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கேட்காமலே சேகரித்து விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்தது. 1 கோடியே 10 லட்சம் டி.வி.க்கள். 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டி.வி.க்கு 20 சென்ட்.

மெக்டொனால்ட் விளம்பரக்காரனை ஹாலைவிட்டுத் துரத்தத்தான் ரிமோட் கேட்டார். எழுபது வருஷத்தில் அவன் டி.வி.க்கு உள்ளேயே குடிவந்து, நாம் பார்ப்பதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறான்.

பழைய அகச்சிவப்பு ரிமோட்டுக்கும் அந்த எக்ஸ்டெண்டருக்கும் ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் யார் என்று தெரியாது. பாஸ்வேர்டு கேட்காது. கம்பெனி மூடினாலும் வேலை செய்யும். சொன்னதைச் சொன்ன இடத்தில் சேர்த்துவிட்டு அதோடு மறந்துவிடும். அறைக்குள் நடந்தது அறைக்குள் இருக்கும்.

அடுத்த தடவை கடையில் புதிதாக ஒரு பெட்டி வாங்கும்போது விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டால் இது ஓடுமா தம்பி?"

பதில் சொல்லத் தயங்கினால், நீங்கள் கொடுக்கப்போவது விலை அல்ல. வாடகை.