கேன்டீன் காரும் காஸ்ட்கோ காரும்

திருவள்ளூர்க்காரங்களுக்கு அதிகத்தூர்னு சொன்னா உடனே கார் கம்பெனிதான் ஞாபகம் வரும். 1998-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோட கூட்டு வச்சு லான்சர் கார் செய்ய ஆரம்பிச்ச இடம். 2013-ல போட்ட ஒப்பந்தப்படி கொஞ்ச நாள் இசுசு வண்டிகளும் இங்கேதான் தயாராச்சு. 2016-ல இசுசு சொந்த ஃபேக்டரி கட்டிக்கிட்டு, கும்மிடிப்பூண்டிக்கு அந்தாண்ட ஸ்ரீசிட்டிக்குப் போயிடுச்சு. அப்புறம் பழைய ஃபேக்டரி பிரெஞ்சுக்காரங்க கைக்கு மாறி, சித்ரோயன் கார்கள் வர ஆரம்பிச்சது.

இதே மாவட்டத்துலதான் ஆவடியும் இருக்கு. டாங்க் ஃபேக்டரி, விமானப்படை நிலையம், சிஆர்பிஎஃப் எல்லாம் இருக்கிற ஊர். அங்கே "இது கேன்டீன்ல எடுத்த வண்டி சார்"னு ஒருத்தர் சொன்னா, பக்கத்து வீட்டுக்காரர் மனசுக்குள்ள உடனே ஒரு கழித்தல் கணக்கு ஓடும். ஒரே கார், ஒரே ஷோரூம், ஆனா விலை வேற. இது எப்படி ஆரம்பிச்சதுன்னு பார்க்கலாம்.

ராணுவ கேன்டீன் வெள்ளைக்காரன் காலத்து சமாச்சாரம். ரெண்டாம் உலகப்போர் நடக்கும்போது, 1942-ல, கேன்டீன் சர்வீசஸ்னு ஒரு அமைப்பை உண்டாக்கினாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் 1948 ஜனவரி 1-ல அது கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட் ஆச்சு. சுருக்கமா சிஎஸ்டி. சோப்பு, பிஸ்கட், ரம் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கார் கதை கொஞ்சம் வேற மாதிரி.

அந்தக் காலத்துல கார் வாங்கறதுல பெரிய பிரச்சினை விலை இல்லைங்க, வண்டி கிடைக்கறதுதான். அம்பாசடர், ஃபியட், நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்ட், அவ்வளவுதான். யாருக்கு வண்டி போகணும்ங்கறதுக்கே 1959-ல மத்திய அரசு தனியா ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருந்தது. அரசாங்க கோட்டாவுல வராதவங்க முன்பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். 1983-ல மாருதி பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டப்போ, ஒரு கார்கூட வெளியே வர்றதுக்கு முன்னாடியே லட்சத்துக்கு மேல புக்கிங் குவிஞ்சது. அப்போ ஏதோ ஒரு பட்டியல்ல உங்க பேர் இருந்தா கிடைச்ச லாபம் பணம் இல்லை, வருஷங்கள்! தாராளமயம் வந்து க்யூ ஒழிஞ்சதும்தான் சலுகைன்னா விலையில தள்ளுபடின்னு ஆச்சு.

கேன்டீன்ல காரை அடுக்கி வச்சிருப்பாங்கன்னு ரொம்பப் பேர் நினைக்கறாங்க :-) அப்படி இல்லை. ஷோரூம்ல விலைப்பட்டியல் வாங்கிட்டு கேன்டீன் மூலமா விண்ணப்பிக்கணும். பணம் ஷோரூமுக்குப் போகாது, சிஎஸ்டிக்குப் போகும். அவங்க ஆர்டர் கொடுத்ததும் ஷோரூம் வண்டியைக் கொடுக்கும். 2021 ஜனவரியில இதுக்கு ஆன்லைன் வசதியும் வந்துடுச்சு.

விலை குறையறதுக்கு முக்கியமான காரணம் வரி. ஜிஎஸ்டியில பாதி சிஎஸ்டிக்குத் திரும்ப வரும். வரிக்கு முந்தின விலை அஞ்சு லட்சம்னு வச்சுக்குங்க. சின்ன காருக்கு 28 சதவீதம் இருந்தப்போ பாதின்னா எழுபதாயிரம் ரூபாய். 2025 செப்டம்பர் 22-ல அது 18 சதவீதம் ஆனதும், அதே பாதி நாற்பத்தஞ்சாயிரம் ஆயிடுச்சு. ஊருக்கே விலை குறைஞ்ச நாள்ல கேன்டீன் கார்டோட மவுசு கொஞ்சம் இறங்கிடுச்சு, பாருங்க. அரசாங்கமும் ஏற்கெனவே கையை இறுக்கித்தான் வச்சிருந்தது. 2019-ல போட்ட விதிப்படி அதிகாரிகள்னா 12 லட்சம் வரைக்கும், எட்டு வருஷத்துக்கு ஒரு கார்னு இருந்தது. ஜவான்கள்னா 5 லட்சம் வரைக்கும், சர்வீஸ்ல ஒண்ணு, ரிட்டயர் ஆகும்போது ஒண்ணுன்னு இருந்தது. பனியில நிக்கறவருக்குச் சின்னக் காரா? எனக்கு இது அவ்வளவா பிடிக்கலை.

அமெரிக்கா போன நம்ம ஆட்கள் "காஸ்ட்கோவுல கார் எடுத்தேன்"னு சொல்லுவாங்க. கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ளுக்குள்ள வேற. சால் பிரைஸ்னு ஒரு வியாபாரி 1976-ல சான் டியகோவுல பழைய விமானக் கொட்டகை ஒண்ணுல பிரைஸ் கிளப்பை ஆரம்பிச்சார். சந்தா கட்டினவங்க மட்டும்தான் உள்ளே போய் வாங்க முடியும். 1983-ல சியாட்டில்ல காஸ்ட்கோ வந்தது. 1993-ல ரெண்டும் ஒண்ணாச்சு. கார் திட்டம் 1989-லிருந்து நடக்குது. அங்கேயும் கிளப் காரை விக்கறதில்லை. புதுக் காரை டீலர்தான் விக்கணும்னு மாநிலச் சட்டங்கள் இருக்கு. அதனால கிளப் டீலர்களோட முன்கூட்டியே ஒரு விலை பேசி வச்சிடும். மெம்பர் போனா அந்த விலைத்தாளை எடுத்துக் காட்டுவாங்க. அந்த ஊர்ல கண்ணாடியில ஒட்டியிருக்கிற விலை, பேரத்தோட தொடக்கம்தான். நம்ம ஊர் ஆட்டோ மீட்டர் மாதிரி! மூணு மணி நேரம் சேல்ஸ்மேனோட மல்லுக்கட்ட முடியாதவங்களுக்காகக் கிளப் பேரம் பேசுது, அவ்வளவுதான். வரியில நயா பைசா குறையாது.

ஆக, அங்கே லட்சக்கணக்கான பேரைக் காட்டி டீலர்கிட்ட குறைச்சு வாங்கறாங்க. இங்கே அரசாங்கம் தனக்கு வர வேண்டியதுல பாதியை விட்டுக்கொடுக்குது. எல்லையில நின்னவருக்குக் கொடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா, மத்தவங்களுக்காகச் சேர்ந்து பேரம் பேச இங்கே ஏன் யாருமே இல்லை?

கிட்டத்தட்ட அப்படி ஒண்ணு இருக்குன்னா, அது கார்ப்பரேட் டிஸ்கவுண்ட். என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்க கழுத்துல தொங்கற அட்டையைக் காட்டினா, கார் கம்பெனி வச்சிருக்கிற பட்டியல்ல நம்ம கம்பெனி பேர் இருக்கான்னு ஷோரூம்ல பார்ப்பாங்க. இருந்தா சில ஆயிரம் குறையும். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு பஸ்ஸுக்கு நிக்கற கான்ட்ராக்ட் தொழிலாளி கழுத்துலயும் ஒரு அட்டை தொங்குது. அதுல கான்ட்ராக்டர் பேர் இருக்கும். அந்தப் பேரை எந்த ஷோரூம் பட்டியல்லயும் நான் பார்த்ததில்லை.