தாது வருஷப் பஞ்சமும் சிலோன் பயணமும்



நம் வாட்ஸ்அப் குழுவில் வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நடந்த விவாதத்தைப் பார்த்தேன். "சொந்த ஊர்ல பிழைக்க வழியில்லாமலா இவ்வளவு தூரம் வர்றாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் தேடி பீகாருக்கோ ஒடிசாவுக்கோ போக வேண்டாம். நம் ஊர்க்காரர்களைப் பற்றியே இதே கேள்வியை வேறு நாட்டில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1876-ஆம் ஆண்டு. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஐப்பசி அடைமழையும் வரவில்லை. மறு ஆண்டு ஆடியிலும் வானம் பார்த்த பூமி காய்ந்தே கிடந்தது. ஏரியும் கிணறும் வற்றின, மாடுகள் செத்தன. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற நிகழ்வுதான் இதற்குப் பின்னால் இருந்தது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. அதே காலத்தில் வட சீனாவிலும் பஞ்சம். பிரேசில் நாட்டின் வடகிழக்கிலும் கடும் வறட்சி. அங்கே சியாரா பகுதி மக்கள் அமேசான் காட்டுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனார்கள். நம் மக்கள் கடல் தாண்டினார்கள்.

மழை மட்டுமா காரணம்? இல்லை. பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. புதிதாக வந்த ரயில், விலை அதிகம் கிடைக்கும் ஊருக்குத் தானியத்தைக் கொண்டு போகவும் உதவியது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி வைசிராய் லிட்டன் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடத்தினார். பஞ்சச் செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கிற ஆளுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, இப்படிப் பசியோடு இருந்தவர்கள் வெட்டியதுதான். இந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் நடந்தார்கள். எங்கே? ஏற்கெனவே வழி தெரிந்த இடத்துக்கு. இதை நன்றாகக் கவனியுங்கள். பஞ்சம் வந்தால் மனிதன் கண்போன போக்கில் ஓடுவதில்லை. முன்னே போன பங்காளி, மாமன், மச்சான் காட்டிய தடத்தில்தான் போகிறான். 1820-களிலிருந்தே திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து ஆட்கள் சிலோன் காப்பித் தோட்டங்களுக்குப் போய்வந்தார்கள். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அந்தக் கடனோடுதான் பயணம் தொடங்கும். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கம் படகேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடக்க வேண்டும். வழியில் காலராவில் போனவர்கள் பலர். போனவர்களில் பெரும்பாலோர் சொந்தமாகக் காணி நிலம்கூட இல்லாதவர்கள். ஊருக்குள் சாதியாலும் ஒடுக்கப்பட்டிருந்தவர்கள்.

அதுவரை இது போய்வரும் பயணம். காப்பிப் பழம் பறிக்கச் சில மாதம், பிறகு ஊர். அதை மாற்றியது ஒரு பூஞ்சை. 1869-இல் சிலோனில் காப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் காப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய அழிந்தன. அந்த மலைகளில் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அதனால் குடும்பத்தோடு லயன் வீடுகளில் தங்க வேண்டியதாயிற்று. இங்கே மழை தவறியதால் புறப்பட்டவர்கள், அங்கே ஒரு செடி நோயால் நிரந்தரமாகத் தங்கினார்கள். இயற்கை மனிதனை நகர்த்தும் விதம் இப்படி இரண்டு பக்கமும் இருக்கும்.

அடுத்து நடந்தது அரசியல். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனும் அந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. லயன் வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போனது. இலங்கைக்கு ஆட்கள் கப்பலேறிய துறைமுகம் அது! பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக ஊர் திரும்பினார்கள். அந்த மண்டபம் முகாம், சிலோனுக்குப் போகும் தொழிலாளரைத் தொற்றுநோய்ச் சோதனைக்காகத் தங்கவைக்கத்தான் முன்பு பயன்பட்டது.

நான் நீலகிரியில் வேலை பார்த்தபோது "தாயகம் திரும்பியோர்" வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டப்பெயர் "சிலோன்". அவர்களின் பெற்றோரை அங்கே "இந்தியாக்காரன்" என்றார்கள். நூறு வருஷம் உழைத்த மண்ணிலும் அந்நியர், பாட்டன் பிறந்த மண்ணிலும் அந்நியர். தாது வருஷத்தில் பெய்யாத மழையின் கணக்கு, நான்கு தலைமுறை தாண்டி அந்தப் பிள்ளைகளின் தலையில் வந்து விடிந்தது.

இப்போது குழுவில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2008 ஆகஸ்டில் கோசி ஆறு கரையை உடைத்துக்கொண்டு பீகாரில் பாய்ந்தது. லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். வெள்ளம், வறட்சி, புயல், உப்பேறிய நிலம் என்று ஒவ்வொரு ஊரிலும் காரணம் ஒவ்வொன்று. பூமி சூடாகச் சூடாக இது கூடும் என்கிறார்கள் அறிவியலாளர்கள். வயலை இழந்து வருபவருக்கு அகதி என்ற பெயரைக்கூட 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை தரவில்லை. நம் ஊரில் கட்டடம் கட்டுபவரும் பனியன் கம்பெனியில் நிற்பவரும் எந்த மழைக்கணக்கைச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூலியை ஒழுங்காகக் கொடுங்கள். அவர் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க உதவுங்கள். பட்டப்பெயர் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலும் சிலோனுக்கோ பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவர்கள் இருக்கலாம். பாட்டி, தாத்தா இருக்கும்போதே கேட்டு, எந்த வருஷம், எந்த ஊர், என்ன காரணம் என்று எழுதி வையுங்கள். முடிந்தால் இங்கே கீழேயும் எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்