மன்னர் பத்துக்கோடி!

சீன நாட்டில் இன்று 'மன்னர்'கள் பத்துக்கோடிக்கு மேல்! ஏர் பிடிப்போர் அவருள் உண்டு. எந்திரம் ஓட்டுவோர் உண்டு. தெருக் கூட்டுவோரும் உண்டு. முடியில்லை, கொடியில்லை, கொற்றமில்லை. ஆயினும் அவர்தம் பெயருக்கு முன்னே 'வாங்' என்னும் சொல் நிற்கிறது. வாங் என்றால் மன்னன். கடைசி மன்னன், ஆறு வயதுச் சிறுவன், 1912-இல் அரியணை இழந்தான். பட்டம் போயிற்று, பெயர் மட்டும் வயலிலும் ஆலையிலும் வாழ்கிறது.

சீனர் குலப்பெயரை முன்னே வைத்து, இட்ட பெயரைப் பின்னே வைப்பர். முன்னே நிற்கும் அந்த ஓரெழுத்துக்காக எத்தனை செருக்கு, எத்தனை சூழ்ச்சி, எவ்வளவு குருதி! அந்த ஏட்டை நாம் சற்றே புரட்டுவோம்.

குலப்பெயரைச் சீனர் 'ஸிங்' என்பர். அவ்வெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு உருவங்கள்: ஒன்று 'பெண்', மற்றொன்று 'பிறத்தல்'. ஜி, ஜியாங், யாவ் போன்ற மிகப் பழைய குலப்பெயர்களின் எழுத்துகளிலும் பெண்ணுருவே அமைந்திருக்கிறது. தாய்வழிச் சமுதாயத்தின் தடம் இது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். தாய் தந்த பெயர். பின்னாளில் தந்தையின் உடைமையாயிற்று!

சௌ அரசர் காலத்தில் குலப்பெயர் உயர்குடியினர்க்கே உரியது. உழவனுக்கு இட்ட பெயர் ஒன்றே போதும் என்றனர். கி.மு. 221-இல் சின் பேரரசு சிற்றரசுகளை விழுங்கியது. பழைய பிரபுத்துவம் சரிந்தது. ஹான் காலத்தில் குலப்பெயர் குடிமக்களிடையே பரவி நின்றது.

எங்கிருந்து வந்தன அப்பெயர்கள்? சென், சுங், ஹுவாங் என்பன அழிந்துபோன சிற்றரசுகளின் பெயர்கள். 'சீமா' என்பது குதிரைப் படையை மேற்பார்த்த பதவி. 'ஸிமென்' என்றால் மேற்கு வாயில். குடியிருந்த இடமே குலமாயிற்று. 'பூ' என்றால் குறி பார்த்தல். 'தூ' என்றால் கசாப்பு. 'தாவ்' என்றால் மட்கலம். மட்கலப் பெயர் தாங்கிய தாவ் யுவன்மிங், சீனம் போற்றும் பெருங்கவிஞர்களுள் ஒருவர். பெயர் அவரைக் குயவன் திகிரியோடு கட்டிப்போடவில்லை!

நாடு, பதவி, வாயில், தொழில்: இவையே பிறப்பிடங்கள். வானத்திலிருந்து விழுந்த பெயர் எது? வேள்வித்தீயில் பிறந்த பெயர் எது? ஒன்றுமில்லை, தோழர்களே!

மனிதன் படைத்ததை மனிதன் மாற்றவும் செய்தான். 496-இல் வட வெய் வேந்தன், தன் 'தோபா' குலப்பெயரை 'யுவன்' என்று ஆணையிட்டே மாற்றினான். வூ என்னும் அரசி 655-இல் தன் பகைவியர் இருவரை வீழ்த்தியதும், அவர்தம் குடும்பங்களில் ஒன்றின் பெயரை 'மலைப்பாம்பு' என்றும், மற்றொன்றின் பெயரை 'ஆந்தை' என்றும் மாற்றினாள். நேற்று மன்னன் என்று பொருள்பட்ட பெயர், இன்று மலைப்பாம்பு! தாங் வேந்தர்களோ 'லீ' குலத்தார். லாவ்சு என்னும் பண்டை அறிஞரும் லீ குலத்தவராம். ஆகவே அவரைத் தம் மூதாதை என்றனர். 666-இல் அம்மூதாதைக்குப் பேரரசர் பட்டமும் சூட்டினர்! அரியணை ஏறியபின் ஆதிமூலத்தைத் தேடுவது அரசர்களுக்குக் கைவந்த கலை.

ஆனால், அந்தத் தாங் வேந்தரையே எள்ளி நகைத்த குலங்கள் இருந்தன. சுய், லூ, லீ, செங், வாங் என்னும் ஐந்து பெயர்களின் சில கிளைகள், தம்மினும் மேலோர் இல்லை என்று இறுமாந்திருந்தன. (அவ்வைந்தில் உள்ள லீ, அரசர் குடும்பம் அன்று, வேறு கிளை.) பதவி போயிற்று, பணம் கரைந்தது, குலச்செருக்கு மட்டும் கரையவில்லை. கீழ்க்குலத்தார் பெண் கேட்டு வந்தால், குலத்தாழ்வை ஈடுசெய்யப் பெரும்பொருள் கேட்டனர். குலம் கடைச்சரக்காயிற்று!

தாய்சுங் வேந்தன் குலங்களைத் தரவரிசைப்படுத்தி நூல் செய்யப் பணித்தான். புலவர்கள் எழுதிக் கொண்டுவந்த ஏட்டில் முதலிடம் யாருக்கு? வேந்தனுக்கன்று, சுய் குலத்துக்கு! சினந்த வேந்தன், இன்றைய பதவியைக் கொண்டே வரிசை வகுக்கச் சொன்னான். 638-இல் முடிந்த அந்நூலில் சுய் மூன்றாம் தரத்துக்கு இறங்கியது. அடுத்து 659-இல், அவ்வுயர்குலங்கள் தமக்குள் மணம் செய்யக்கூடாது என்று ஆணை பிறந்தது. விளைவு? 'அரசே தடுத்த குலம்' என்பது புதுப் பெருமையாயிற்று. மறைவில் மணங்கள் நடந்தன. வேந்தன் ஒழிக்க முனைந்தது குலப்பெருமையையன்று. குலவரிசையில் தனக்கு முதலிடத்தையே கேட்டான். வரிசை நிலைத்தது, நோயும் நிலைத்தது.

தேர்வில் தோற்ற உப்புக் கடத்தல்காரன் ஹுவாங் சாவ், 881-இல் தலைநகரைக் கைப்பற்றினான். உயர்குடியினர் பலர் மாண்டனர். 905-இல், பலமுறை தேர்வில் தோற்ற இன்னொருவன் தூண்டுதலால், முப்பதுக்கு மேற்பட்ட பிரபுக்கள் கொல்லப்பட்டு மஞ்சளாற்றில் எறியப்பட்டனர். தம்மைத் 'தெளிந்த நீரோட்டம்' என்று சொல்லிக்கொண்டவர்கள், கலங்கிய ஆற்றோடு கலக்கட்டும் என்றானாம் அவன்! கொலையை நாம் போற்றோம். ஆனால், வாயிலை அடைத்தவர்களே வாளை அழைத்தவர்கள் என்பதை மறைக்கவும் மாட்டோம்.

வாள் செய்யாததைப் பசை செய்தது. சுங் அரசில், 992-இல் அரண்மனைத் தேர்வின் விடைத்தாள்களில் பெயரை மூடி ஒட்டும் முறை வந்தது. பின்னர், கையெழுத்தும் அடையாளம் காட்டாதிருக்க, எழுத்தர்கள் விடைத்தாளைப் படியெடுத்தனர். சுய் மகனா, கசாப்புக்காரன் மகனா? திருத்துவோர்க்குத் தெரியாது! பெண்ணுக்கு அங்கே இடமில்லை. ஏழைக்குப் படிக்கப் பொருளில்லை. எனினும், பெயரைக் கண்டு பதவி தரும் பழக்கத்துக்கு அந்தச் சிறு தாள்துண்டு பேரிடியாயிற்று.

பெண்ணின் கதை என்ன? பெண்ணுருவைச் சுமக்கும் அவ்வெழுத்து, பெண்ணுக்கு உரிமை தரவில்லை. பழைய ஏடுகளில் அவள் 'லீ குலத்தாள்' என்று மட்டுமே நிற்பாள். இட்ட பெயர் இராது. 1950-இன் மணச்சட்டம் மனைவிக்குத் தன் பெயரை உறுதி செய்தது. 1980-இன் சட்டம், பிள்ளைக்குத் தாயின் குலப்பெயரும் ஆகலாம் என்றது. சட்டம் வந்தபின்னும் பெரும்பாலோர் தந்தை பெயரையே சூட்டுகின்றனர். பணி முடியவில்லை!

'பைஸிங்' என்றால் 'நூறு குலப்பெயர்கள்'. முற்காலத்தில் அச்சொல் பிரபுக்களைக் குறித்தது. இன்றோ அதற்குப் பொருள், பொதுமக்கள்! 1929-இல் செங்கற்பட்டில் சாதிப்பட்டங்களை உதறிய இயக்கத்தின் வழிவந்தோர்க்கு, இச்சொல்லின் பயணம் புரியாததன்று. ஒரு சிலரின் உடைமை எல்லோருக்கும் பொதுவாகும்போது, செருக்கு செத்து, பெயர் வெறும் பெயராகிறது. மன்னர் பத்துக்கோடி ஆனபின், மன்னர் எவருமில்லை!