வளையம் எட்டாத திடல்: மலாக்கா தோட்டத் தமிழரும் கூடைப்பந்தும்

அமெரிக்காவின் அயோவா நகரில் 1896 சனவரி 18 அன்று சிகாகோ பல்கலைக்கழக அணியும் அயோவா அணியும் தரப்புக்கு ஐந்து பேராக மோதின. 15–12 என்று சிகாகோ வென்றது. கல்லூரிக் கூடைப்பந்தில் ஐவர் ஆட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பர். அப்பகுதியின் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, பின்னாளில் ‘பிக் டென்’ என்று பெயர்பெற்ற கூட்டமைப்பை உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்று நட்டதும் 1896இல். இவற்றுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும், ஒரே எதிரணிகளை ஆண்டுதோறும் சந்திக்கும் ஏற்பாடு இருந்தால்தான் ஒரு விளையாட்டுக்குப் பருவம் என்று ஒன்று அமையும். அமெரிக்கக் கல்லூரிகள் பருவ முடிவில் வரவு செலவு பார்ப்பதுபோல் வெற்றி தோல்வியைத் தொகுத்து எழுத முடிவது அந்த ஏற்பாட்டினால். மலாக்கா தோட்டங்களிலும் அப்படியோர் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது காற்பந்துக்கு வாய்த்தது. கூடைப்பந்து ஏன் அங்கே கால் ஊன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழருக்கு இந்த ஆட்டம் ஒவ்வாது என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கே பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அங்கே பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியே ஆட்டம் தமிழகத்தின் பள்ளி கல்லூரிகளுக்குப் பரவியது. ஆக, தமிழ்நாட்டில் கூடைப்பந்து படிப்பின் கைபிடித்து வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயா வந்தவர்களோ தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலமற்ற உழைப்பாளிகள். ஆள் திரட்டும் கங்காணி கூட்டி வந்த அந்தச் சனத்துக்கும் சென்னைக் கல்லூரி மைதானத்துக்கும் இடையே இருந்த தூரம் கடலைவிடப் பெரியது.

மலாயாவில் ஆட்டம் வேறு வாசல் வழியாக நுழைந்தது. சீனாவின் தியான்ஜின் நகருக்கு ஒய்.எம்.சி.ஏ. அதை 1895இலேயே கொண்டு சேர்த்திருந்தது. அங்கிருந்து கடல்கடந்த சீனப் பள்ளிகளும் சங்கங்களும் அதைத் தம் ஆட்டமாக்கிக்கொண்டன. மலாக்கா நகரிலும் சிறு பட்டணங்களிலும் சீனப் பள்ளி வளாகம் என்றாலே சிமெண்டுத் தளமும் இரண்டு வளையங்களும் நினைவுக்கு வரும். தென்கிழக்காசியப் போட்டிகளில் 1979இலும் 1989இலும் ஆடவர் தங்கத்தைப் பிலிப்பைன்ஸிடமிருந்து மலேசியா தட்டிப் பறித்ததற்கு அந்தச் சிமெண்டுத் தளங்களே அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு. மேற்பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துவிட, பால்வெட்டுக்காரர்கள் மரத்துக்குப் போவார்கள். வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும்போது உச்சி சாய்ந்திருக்கும். மாலை நான்கரைக்கு மேல் இருட்டும்வரை கிடைக்கும் பொழுது மட்டுமே அவர்களுக்குச் சொந்தம். அந்தப் பொழுதுக்குத் தோட்டம் கொடுத்தவை இரண்டு: கள்ளுக்கடை, திடல். திடலுக்குத் தோட்ட நிர்வாகிகளான துரைமார் இடம் ஒதுக்கியதில் தயவும் உண்டு, கணக்கும் உண்டு. மாலையில் பந்தாடிக் களைத்த இளைஞன் மறுநாள் பெரட்டுக்கு வந்துவிடுவான், கூட்டம் போட்டுக் கூலி பேசமாட்டான் என்பது நிர்வாகத்தின் கணக்கு. புல் வெட்டிய நிலம், நான்கு கம்பம், ஒரு பந்து போதும். வெறுங்காலோடு இருபத்திரண்டு பேர் ஆடலாம், இருநூறு பேர் சுற்றி நின்று கூச்சல் போடலாம். கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கெட்டித் தளம் வேண்டும். அதில் ஐவருக்கு ஐவர்தான் ஆட முடியும். அந்தச் சிமெண்டுச் செலவுக்கு எந்தத் துரை கையெழுத்துப் போடுவார்?

பக்கத்துத் தோட்டத்தோடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் நடந்த பந்தயங்களே தோட்டக் காற்பந்தின் பருவம். சென்ற ஆண்டு தோற்றவனை இந்த ஆண்டும் அதே திடலில் பார்க்கலாம். வஞ்சம் தீர்க்கவும் வாய்ப்புண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் வாய்ப்புண்டு.

பள்ளிக்கூடம் இந்த நிலையை மாற்றியிருக்கலாம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1920களின் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. விளைவு, ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும். பல இடங்களில் கங்காணியோ எழுத்தரான கிராணியோதான் அந்த ஆசிரியர். தமிழ்வழிக் கல்வி ஆரம்பப்பள்ளியோடு முடிந்தது. பத்தடி உயர வளையமோ பெரும்பாலும் உயரம் கூடும் பதின்ம வயதினருக்கானது, அதாவது இடைநிலைப் பள்ளிக்குரியது. அந்த வயதை எட்டும்போது தோட்டத்துப் பையன் பால்மரம் வெட்டப் போயிருப்பான், அல்லது இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் மலாய்மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்.

காற்பந்துப் பருவமும் நிலைக்கவில்லை. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். காப்பாற்ற முடிந்தது கொஞ்சம், கைநழுவியது நிறைய. 1969க்குப் பின் வேலை அனுமதிச் சிக்கலில் குடியுரிமையற்ற பலர் இந்தியா திரும்பினர். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்ததும் ஆள்தேவை குறைந்தது. ஒரு தோட்டம் காலியானால் அணி ஒன்று மட்டும் குறைவதில்லை, அடுத்த தோட்டத்துக்கு எதிராளி இல்லாமற் போகிறான். பருவம் செத்தது இப்படித்தான்.

மாநிலக் காற்பந்து உயரே போனது வேறு கதை. அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் தேசிய அணியின் தூணாக நின்றார். தோட்டத்துப் பையன்களுக்கோ ‘ஸ்பைடர்மேன்’ எனப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம் நாயகன். மலாக்கா 1983இல் லீக் பட்டம் வென்றது. ஆனால் 2022 முடிவில் மலாக்கா யுனைடெட் உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கிலிருந்து வெளியேறியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழிவந்த பெட்டாலிங் ஜெயா சிட்டியும் அதே பருவத்தோடு விலகிக்கொண்டது.

இதற்கிடையே தோட்டங்கள் சூழ்ந்திருந்த வட்டாரங்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, மெர்லிமாவில் பாலிடெக்னிக், ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மாசும் போட்டிகளில் கூடைப்பந்தும் உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளைக்கு, கூடைப்பந்துக்கென்று ஒரு பருவம் இருப்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியவருகிறது.

ஆய்வாளர்கள் கவனிக்க மறந்த ஓர் இழை பெண்பிள்ளைகளுடையது. கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் கிளைத்து, காலனி நாடுகளின் பள்ளிகளுக்குப் பரவிய வலைப்பந்து தமிழ்ப்பள்ளிகளையும் எட்டியது. பலகை இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது. விதிப்படி வளையத்தின் உயரம் மட்டும் அதே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். அண்ணன்மார் புல்தரையில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தபோது தங்கைமார் அந்த வளையத்தை நோக்கிக் குறிபார்த்துக்கொண்டிருந்தனர். எனவே மலாக்கா தமிழரின் கூடைப்பந்து வரலாற்றை எழுதுபவர், ஆண்களின் கோப்பைப் பட்டியலை விட்டுவிட்டுத் தமிழ்ப்பள்ளி வலைப்பந்து அணிகளின் குழுப்படங்களிலிருந்து தொடங்குவதே சரி.