முணுமுணுப்பு என்றோர் இசைத்தட்டு

பாடுவோன் சொல் கேட்போன் செவியில் தெளிவாக விழவேண்டும் என்பது இசையுலகில் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. அவ்விதியைத் தெரிந்தே மீறிப் புகழ் பெற்ற இசைத்தட்டு ஒன்று 1983-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் பெயர் ‘மர்மர்’. முணுமுணுப்பு என்பது பொருள். ஆர்.இ.எம். என்னும் நால்வர் குழுவின் முதல் நீள இசைத்தட்டு அது. பின்னாளில் ‘மாற்று ராக்’ என்று பெயர் சூட்டப்பெற்ற இசைப்போக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதனைத் தொடாமல் செல்ல இயலாது.

ஜார்ஜியா மாநிலத்து ஆதன்ஸ் ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கே ஓவியம் பயின்ற மைக்கேல் ஸ்டைப், இசைத்தட்டுக் கடையில் பணிபுரிந்த பீட்டர் பக்குடன் அக்கடையிலேயே நட்புக் கொண்டார். மேக்கன் நகரிலிருந்து படிக்க வந்த மைக் மில்ஸும் பில் பெரியும் பின்னர் அவர்களுடன் சேர்ந்தனர். 1980 ஏப்ரல் 5-ஆம் நாள், பழைய மாதாகோயில் கட்டடம் ஒன்றில் நண்பர் ஒருவரின் பிறந்தநாள் விழாவில் அவர்களுடைய முதற் கச்சேரி நடந்தது. மறு ஆண்டில் சிறு நிறுவனம் ஒன்று அவர்களுடைய ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ என்ற பாட்டைத் தட்டாக வெளியிட்டது. அந்நாளில் மியூனிக் நகரிலிருந்து கிழக்கு ஐரோப்பிய மக்களுக்கு ஒலிபரப்பி வந்த அமெரிக்கச் சார்பு வானொலியின் பெயர் அது. அப்பாட்டு பதிவானதோ, மிட்ச் ஈஸ்டர் என்பவர் தம் பெற்றோர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் அமைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்!

1982-இல் ஐ.ஆர்.எஸ். என்னும் நிறுவனம் குழுவினரை ஏற்றுக்கொண்டது. இடர்ப்பாடும் அங்கேதான் தொடங்கிற்று. செப்பமான ஒலியை நாடிய நிறுவனம், ஸ்டீபன் ஹேக் என்னும் தயாரிப்பாளரிடம் அவர்களை அனுப்பியது. அவர் ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்தார். பின்பு குழுவினரைக் கேளாமலே அதில் சின்தசைசர் ஒலிகளையும் சேர்த்தார். அந்நாளைய சந்தையில் விலைபோகக்கூடிய ஒலி அது. ஆயினும் இளைஞர் நால்வரும் அதற்கு இணங்கவில்லை. ஈஸ்டரிடமே பதிவு செய்ய வேண்டுமென்று வற்புறுத்தினர். நிறுவனம் ஒரு பாட்டைச் சோதனையாகப் பதிவு செய்யச் சொல்லி, அதைக் கேட்ட பின்னரே இசைந்தது. ஈஸ்டரும் அவர் தோழர் டான் டிக்சனும் 1983-இன் தொடக்கத்தில், வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக் கூடமொன்றில் வேலையை முடித்தனர்.

தனி கிதார் வாசிப்பின் ஆர்ப்பாட்டம் கூடாது, சின்தசைசர் கூடாது என்பது குழுவினர் விதித்த கட்டளை. பாட்டை ஓர் ஆண்டின் நாகரிகத்தோடு பிணைத்துவிடலாகாது என்பது அவர்கள் நோக்கம். ஸ்டைப் இருண்ட மாடிப்படி மூலையில் நின்று பாடினார். அவருடைய குரல் முன்னே துருத்தி நிற்காமல் கிதார் நரம்பொலியோடு கலந்து வருகிறது. சொற்கள் பாதி புலப்படும், பாதி மறையும். ஒரு பாட்டில் தொலைவில் இடி முழங்குவது போலக் கேட்கும். அது பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் ஓசையைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டியது. ஆயினும் ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ பாட்டின் மறுபதிவைக் காட்டிலும், கொட்டகையில் பிறந்த முதற்பதிவே என் செவிக்கு உயிர்ப்புடையது.

அட்டைப்படமும் கருதத்தக்கது. அதில் குட்ஸு என்னும் கொடி படர்ந்து நிலத்தையே மூடிக் கிடக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த இக்கொடியை, மண்ணரிப்பைத் தடுக்கவென்று 1930-களில் அரசினரே தென் மாநிலங்களில் நடச் செய்தனர். அதுவோ மரங்களையும் கைவிட்ட வீடுகளையும் விழுங்கலாயிற்று. உள்ளே இருப்பதன் வடிவு தெரியும், உருவம் தெரியாது. இப்பாட்டுக்களுக்கு இதனினும் பொருத்தமான படம் கிடைத்தல் அரிது.

பெருநகர வணிக வானொலிகள் இத்தட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. இதனை நாடெங்கும் பரப்பியவை கல்லூரி வானொலிகள். மாணவர்களே நடத்திய, குறைந்த ஆற்றலுடைய அந்நிலையங்களில் எதை ஒலிபரப்புவதென்று விளம்பரதாரர் கட்டளையிடுவதில்லை. பிடித்த தட்டை மாணவர் சுழலவிட்டனர். ஊருக்கு ஊர் செய்தி பரவிற்று. குழுவினரும் வண்டியிற் சென்று சிற்றரங்குகளில் பாடி வந்தனர். ஆண்டிறுதியில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் விமரிசகர்கள் அவ்வாண்டின் சிறந்த தட்டாக ‘மர்மர்’ரைத் தேர்ந்தனர். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

விற்பனையோ வேறு கதை. பில்போர்டு பட்டியலில் ‘மர்மர்’ 36-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை; ஆண்டு முடிவில் ஏறத்தாழ 2 லட்சம் பிரதிகளே விற்றிருந்தன. 5 லட்சம் பிரதிகளுக்குரிய தங்கத்தட்டுச் சான்று 1991-இல்தான் அதற்குக் கிடைத்தது. அதற்குள் ஆர்.இ.எம். குழு உலகப் புகழ் பெற்றுவிட்டது.